வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத ஆறு

தில்லி திலக் மார்க்கில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. அங்கிருந்து இந்தியா கேட்டைச் சுற்றிக்கொண்டு போனால் சிறிது நேரத்தில் உத்யோக் பவன் வந்துவிடும். மத்திய வர்த்தக அமைச்சகம் பல பத்தாண்டுகள் அந்தக் கட்டடத்தில்தான் இயங்கியது. எந்தச் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், எதற்கு ஊக்கத்தொகை, எதற்கு வரம்பு என்பதெல்லாம் அங்கே முடிவாயின. அவற்றில் ஒரு முடிவு பாலாற்றங்கரையை என்ன செய்தது என்பது 1996 ஆகஸ்ட் 28 அன்று திலக் மார்க் கட்டடத்தில் தீர்ப்பாக வாசிக்கப்பட்டது.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு அது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வின் தீர்ப்பில் உள்ள தகவல்களை இன்று படித்தாலும் மனம் கனக்கிறது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ கெட்டுப்போனது. தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கவும் மக்களின் உடல்நலத்தோடு விளையாடவும் உரிமை கிடையாது என்றது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், ஆபத்து முழுமையாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று இந்த வழக்கில் நீதிமன்றம் அறிவித்தது.

வெளிநாட்டு வணிகம் வளங்குன்றா வளர்ச்சிக்குக் கருவியாகுமா என்ற கேள்வியை நான் இந்த வழக்கிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். 'வளங்குன்றா வளர்ச்சி' என்ற தமிழ்ச் சொல் எனக்குப் பிடித்தமானது. 'நிலையான வளர்ச்சி' என்றால் எது நிலைக்கிறது என்பது தெளிவாவதில்லை. வளம் குன்றக்கூடாது என்றால், யாருடைய வளம், எந்த ஊரின் வளம் என்று உடனே கேட்கத் தோன்றுகிறது.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடுவது புதிதல்ல. ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தென்னாட்டுத் தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்கு நெடுங்காலம் போய்க்கொண்டிருந்தது. அரைப்பதத்தில் அனுப்பிவிட்டு, அதையே செருப்பாகவும் பையாகவும் செய்து பிறர் லாபம் பார்ப்பதை எத்தனை நாள் பொறுப்பது என்ற கேள்வி விடுதலைக்குப் பின் எழுந்தது. நியாயமான கேள்வி. 1972இல் சீதாராமையா குழு, முழுமையாகப் பதப்படுத்திய தோலையும் தோல் பொருள்களையுமே ஏற்றுமதி செய்யும் நிலைக்கு நாடு நகர வேண்டும் என்றது. அதையொட்டி அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு வந்தது, முழுப்பதத் தோலுக்கு ஊக்கம் வந்தது. அதே காலத்தில் ஐரோப்பிய நாடுகள் தங்கள் ஆறுகளைக் காக்கச் சட்டங்களை இறுக்கிக்கொண்டிருந்தன. பதனிடும் தொழிலில் நீரையும் நிலத்தையும் கெடுக்கும் கட்டங்கள் மெல்லத் தெற்கு நோக்கி நகர்ந்தன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும், தோல் ஷாப்பு என்று அங்கே சொல்லப்படும் ஆலைகள் பெருகின. குரோம் பரவியது. வேலை கிடைத்தது, டாலர் வந்தது, கிணறு கெட்டது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1980களின் கடைசியில் ஜெர்மனி, பெண்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக் கொல்லி கலந்த தோலுக்குத் தடை போட்டது. 1990களின் நடுவில், உடலுக்குக் கேடு தரக்கூடிய சில அசோ சாயங்களையும் தடை செய்தது. தமிழ்நாட்டு ஆலைகள் பதறின. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று ரசாயனங்களையும் சோதனை முறைகளையும் தந்தது. மிகக் குறுகிய காலத்தில் தொழில் அந்த விதிக்கு ஏற்ப மாறிக்கொண்டது. ஆனால் அதே ஆலைகளிலிருந்து பாலாற்றுக்குப் போன கழிவுநீர் பத்தாண்டுகளாகியும் மாறவில்லை. ஹாம்பர்க்கில் செருப்பு வாங்குபவரின் காலில் படும் நஞ்சை அவருடைய நாட்டுச் சட்டம் தடுத்துவிடுகிறது. ஆம்பூர்க் கிணற்றில் இறங்கும் உப்பு அவர் காலில் படுவதில்லை. வணிகம் பொருளை மட்டுமே எடுத்துச் செல்கிறது. பொருள் உருவான இடத்துக்கு ஏற்பட்ட சேதம் விலையில் ஏறுவதில்லை. அதை ஏற்ற வேண்டுமானால் உள்ளூர்ச் சட்டம், வெளியிலிருந்து பணம், தொழில்நுட்பம், மாறிக்கொள்ளப் போதிய கால அவகாசம் ஆகிய எல்லாம் ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் சுமை எளியவர் தலையில் விழும். தில்லியில் நடந்த, தில்லி வாதாடிய பல சங்கதிகளை வரிசையாகப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்.

தில்லியில் இந்த விவாதம் வெகு காலமாக நடந்துவருகிறது. 1968 பிப்ரவரி முதல் மார்ச் இறுதிவரை விஞ்ஞான் பவனில், வணிகம் மற்றும் வளர்ச்சிக்கான ஐ.நா. அமைப்பின் இரண்டாம் மாநாடு நடந்தது. இந்திரா காந்தி தொடங்கிவைத்தார். அர்ஜென்டினாவின் பொருளியல் அறிஞர் ராவுல் பிரெபிஷ் அந்த அமைப்பின் தலைமைச் செயலர். கச்சாப்பொருள் விற்கும் நாடுகள் காலப்போக்கில் இழந்துகொண்டே போகின்றன, ஆகவே ஏழை நாடுகளின் தொழிற்பொருள்களுக்குப் பணக்கார நாடுகள் சுங்கத் தீர்வையைக் குறைக்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்தப் பொதுச் சலுகைத் திட்டம் தில்லியில்தான் கொள்கையளவில் ஒருமனதாக ஏற்கப்பட்டது. 1971 முதல் நடைமுறைக்கு வந்தது. சலுகை என்றால் கொடுத்தவர் நினைத்தபோது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019 ஜூன் மாதம் அமெரிக்கா அந்தச் சலுகைப் பட்டியலிலிருந்து இந்தியாவை நீக்கியது.

1968இல் ஆறு, காற்று பற்றிப் பெரிதாகப் பேச்சு இல்லை. 1994இல் உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய மராகேஷ் ஒப்பந்தத்தின் முகவுரையில் வளங்குன்றா வளர்ச்சி என்ற குறிக்கோள் இடம்பெற்றது. அந்த முகவுரைக்கு நடைமுறையில் என்ன பொருள் என்பதை உரசிப் பார்த்தது ஓர் இறால் வழக்கு.

ஆமைகள் தப்பிக்கும் கருவியை வலையில் பொருத்தாத நாடுகளின் இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் எதிர்த்து வழக்காடின. 1998 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு தந்த தீர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஆமையைக் காப்பதற்காக வணிகத்தைத் தடுப்பது தவறல்ல என்றது. ஆனால் கரீபியப் பகுதி நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் கொடுத்துவிட்டு, ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம் கொடுத்தது பாரபட்சம் என்றது. இதை வெற்றி என்று சொல்லலாம். ஆனால் எனக்கு அது பாதி வெற்றியாகத்தான் தெரிகிறது. ஏனென்றால் வங்கக் கடலில் பங்குனி ஆமைகள் இழுவலையில் சிக்கிச் சாவது உண்மை. சென்னைக் கடற்கரையில் ஜனவரி, பிப்ரவரியில் செத்து ஒதுங்கும் ஆமைகளைப் பார்த்தவர் எவரும் அதை மறுக்க முடியாது. அவகாசத்தையும் உதவியையும் வாதாடிப் பெறும் நாடு, பெற்ற அவகாசத்தில் வலையை மாற்றியிருக்க வேண்டும். நாம் மாற்றவில்லை. 2019 முதல் இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா மீண்டும் தடுத்துவைத்திருக்கிறது. இழப்பு மீனவருடையது.

இதற்கு நேர்மாறான கதை ஓசோன் கதை. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தபோது இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட மறுத்தன. குளிர்சாதனப் பெட்டி இன்னும் வீட்டுக்கு வந்து சேராத மக்களிடம், ஓசோனைக் கெடுக்கும் வாயுவை விட்டுவிடு, விலை கூடிய மாற்றை வாங்கு என்றால் அந்தக் கூடுதல் விலையை யார் கொடுப்பது என்று தில்லி கேட்டது. 1990இல் லண்டனில் கூடியபோது அதற்கென்று தனி நிதியம் அமைக்க ஒப்புக்கொண்டார்கள். 1992இல் இந்தியா சேர்ந்தது. மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு நிதியம் பணம் தந்தது, ஆண்டுவாரியாகக் குறைக்கும் கால அட்டவணை இருந்தது, உறுப்பினரல்லாத நாடுகளோடு அந்த வாயுக்களை விற்கவோ வாங்கவோ கூடாது என்ற வணிகத் தடையும் இருந்தது. பணம், காலம், தடை மூன்றும் ஒரே உடன்படிக்கையில் இருந்தன. உலகின் சுற்றுச்சூழல் ஒப்பந்தங்களில் உண்மையிலேயே வேலை செய்தது எது என்று கேட்டால் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வார்கள்.

தில்லிவாசிகள் தினமும் பயன்படுத்தும் உதாரணம் மெட்ரோ. 1995இல் தில்லி மெட்ரோ ரயில் நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் பொறியாளர் ஸ்ரீதரன் அதன் பொறுப்பை ஏற்றார். 1997இல் ஜப்பான் அரசின் முதல் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் கட்டச் செலவில் சுமார் 60 விழுக்காடு ஜப்பானின் குறைந்த வட்டிக் கடன். திருப்பிச் செலுத்தப் பல பத்தாண்டுகள் தவணை. 1998 மே மாதம் இந்தியா பொக்ரானில் அணுகுண்டு சோதித்ததும் ஜப்பான் புதிய கடன்களை நிறுத்தியது. அந்தக் கட்டுப்பாட்டை 2001இல் விலக்கிக்கொண்டது. இடையில் வேலை நிற்கவில்லை. 2002 டிசம்பர் 24 அன்று ஷாஹ்தராவிலிருந்து தீஸ் ஹஜாரி வரை முதல் ரயில் ஓடியது.

கடனைவிட அதோடு வந்த நிபந்தனையும் பழக்கமும்தான் பெரிது என்பேன். கட்டுமான இடத்தில் ஒவ்வொரு தொழிலாளியும் தலைக்கவசம் அணிய வேண்டும், சாலையை அடைத்து மண்ணைக் கொட்டக் கூடாது, கெடு தேதியை மணிக்கணக்கில் எண்ண வேண்டும் என்பதெல்லாம் அன்றைய தில்லிக்குப் புதுசு. முதல் சில ரயில்கள் கொரியாவிலிருந்து கப்பலில் வந்தன. ஆனால் தொழில்நுட்பத்தைக் கைமாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது, எனவே அடுத்தடுத்த பெட்டிகளைப் பெங்களூரின் பி.இ.எம்.எல். தொழிற்சாலை செய்தது. இன்று நான்காம் கட்டத்துக்கான ரயில்கள் சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் உள்ள ஸ்ரீசிட்டியில் பிரெஞ்சு நிறுவனமான ஆல்ஸ்டம் தயாரிப்பவை. அதே ஆலையிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னி மெட்ரோவுக்கும் ரயில்கள் போயிருக்கின்றன. வாங்கத் தொடங்கியவர்கள் விற்கக் கற்றுக்கொண்டார்கள். சென்னை மெட்ரோவும் ஜப்பான் கடனில் தொடங்கி இதே பாதையில் வந்தது.

பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக்கித் திருப்பி எடுக்கும் ஏற்பாட்டுக்காக 2007இல் தில்லி மெட்ரோ, ஐ.நா.வின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் பதிவாயிற்று. உலகிலேயே அப்படிப் பதிவான முதல் ரயில் திட்டம் அது. பணக்கார நாடுகளின் கரிமக் கணக்கில் எழுதிக்கொள்ளத்தக்க சேமிப்பை விற்று, மெட்ரோ பணம் ஈட்டியது. 2019 முதல் மத்தியப் பிரதேசத்தின் ரேவா சூரியப் பூங்காவிலிருந்து மின்சாரமும் வாங்குகிறது. அந்தப் பூங்காவுக்கும் உலக வங்கிக் குழுமத்தின் உதவி உண்டு. அதற்கான ஏலத்தில் 2017இல் முதலாண்டு விலை யூனிட்டுக்கு மூன்று ரூபாய்க்கும் கீழே இறங்கியபோது நாடே வியந்தது.

யென்னில் வாங்கிய கடனை யென்னில்தான் அடைக்க வேண்டும். ரூபாய் சரியும்போது சுமை கூடும். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருந்தும், யமுனைக்கு இக்கரையில் வேலை, அக்கரையில் வீடு என்று இருக்கும் லட்சக்கணக்கானோருக்கு அந்தக் கடன் கொடுத்தது என்ன என்பதை, பழைய தனியார் பேருந்துகளில் தொங்கிக்கொண்டு போனவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இயற்கை எரிவாயுவின் கதை இவ்வளவு சுத்தமாக முடியவில்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் தில்லிப் பேருந்துகள் அனைத்தையும் அழுத்தப்பட்ட எரிவாயுவுக்கு மாற்ற உத்தரவிட்டது. எரிவாயு நிலையங்களில் நாள்கணக்கில் ஆட்டோக்கள் வரிசை கட்டி நின்றன. 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துகளிலிருந்து டீசல் விடைபெற்றது. இது உள்ளூர்ச் சட்டத்தின் வெற்றி. ஆனால் எரிவாயுவுக்குத் தேவை ஏற ஏற உள்நாட்டுக் கிணறுகள் போதவில்லை. கத்தாரோடு பெட்ரோநெட் நிறுவனம் 1999இல் ஆண்டுக்கு 75 லட்சம் டன், 25 ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. 2004இல் குஜராத்தின் தஹேஜ் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கின. 2024 பிப்ரவரியில் அந்த ஒப்பந்தம் மேலும் 20 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. தொலைவிலுள்ள பாலைவன நாட்டின் வாயு, தில்லி நுரையீரலுக்குச் சற்று ஆறுதல் தந்தது உண்மை. உக்ரைன் போர் மூண்டதும் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறி, 2022 ஏப்ரலில் தில்லியின் ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் உண்மை. தூய எரிபொருளுக்கு மாறச் சொன்ன நீதிமன்றத்துக்கு நாட்டின் சார்பில் கீழ்ப்படிந்தவர்கள் அவர்கள். விலை ஏறியபோது அவர்களுக்குக் கைகொடுக்க உலகில் எந்த ஏற்பாடும் இல்லை.

சூரிய மின்சாரத்தில் வணிக விதியும் வளர்ச்சி இலக்கும் நேருக்கு நேர் மோதின. 2010இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய இயக்கத்தில், திட்டத்தின் ஒரு பகுதிக்கு உள்நாட்டில் செய்த செல்களையும் பலகைகளையுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2013இல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2016 செப்டம்பரில் இந்தியா தோற்றது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க மாநிலங்கள் சிலவும் அதே மாதிரி உள்ளூர்ப் பொருள்களுக்குச் சலுகை தந்துகொண்டிருந்தன. அதை எதிர்த்து இந்தியா போட்ட வழக்கில் 2019இல் நடுவர் குழு இந்தியாவின் பக்கம் நின்றது. சட்டப்படி இரண்டு தீர்ப்புகளும் சரியாக இருக்கலாம். ஆனால் விலை மலிந்த சீனப் பலகைகளை வாங்கி வேகமாக மின்சாரம் செய்வதா, தாமதமானாலும் தொழிலை இங்கே ஊன்றுவதா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்புகளில் பதில் கிடையாது. 2022 ஏப்ரலில் இறக்குமதிப் பலகைக்கு 40 விழுக்காடும் செல்லுக்கு 25 விழுக்காடும் சுங்க வரி போட்டுத் தில்லி தன் பதிலைச் சொன்னது. எனக்கு அந்த வரியில் முழு உடன்பாடு உண்டு என்று சொல்ல மாட்டேன். கூரையில் பலகை போட நினைக்கும் சாதாரணக் குடும்பத்தின் செலவை அது கூட்டியது. ஆயினும் ஒரே நாட்டை நம்பி உலகத்தின் வெயிலை அறுவடை செய்ய முடியாது.

2015இல் பாரிஸில் இந்தியாவும் பிரான்சும் அறிவித்த பன்னாட்டுச் சூரியக் கூட்டமைப்பின் தலைமையகம் தில்லியை ஒட்டிய குருகிராமில் இருக்கிறது. 2018 மார்ச்சில் அதன் நிறுவன மாநாடு தில்லியில் நடந்தது. வெயில் மிகுந்த, பணம் குறைந்த நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து கொள்முதல் செய்தால் விலை குறையும், வங்கிகள் பயப்படாமல் கடன் தரும் என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம். எண்ணம் சரியானது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் எத்தனை பம்புசெட்டுகள் அதனால் ஓடுகின்றன என்பதை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும், எத்தனை நாடுகள் கையெழுத்திட்டன என்பதை வைத்தல்ல.

வணிகம் பொருளை மட்டுமே கொண்டுசெல்கிறது என்றேன். கழிவையும் கொண்டுவருகிறது. வடகிழக்குத் தில்லியின் சீலம்பூரில் பழைய கணினிகளையும் கைப்பேசிகளையும் பிரித்துச் செம்பும் தங்கமும் எடுக்கிறார்கள். உள்நாட்டுக் கழிவோடு, பழைய பொருள், உதிரி பாகம் என்ற பெயர்களில் வெளிநாட்டிலிருந்து வந்ததும் அதில் உண்டு. வயரை எரித்துச் செம்பு, பலகையை அமிலத்தில் போட்டுத் தங்கம். அந்தச் சந்துகளில் குழந்தைகளும் இருக்கிறார்கள். 1989இல் உருவான பாசல் உடன்படிக்கை இதைத் தடுக்கவே வந்தது. ஆனால் மின்னணுக் கழிவு முழுவதையும், பெறும் நாட்டின் முன் ஒப்புதல் இன்றி அனுப்பக் கூடாது என்ற திருத்தம் 2025 ஜனவரி 1 அன்றுதான் நடப்புக்கு வந்தது. பொருளுக்கு எல்லைகளைத் திறந்துவிட்ட வேகத்தில் கழிவுக்கு எல்லையை மூட உலகத்தால் இயலவில்லை.

இப்போது புதிய சுற்று தொடங்கியிருக்கிறது. உருக்கு, அலுமினியம், சிமெண்ட், உரம் முதலியவற்றைச் செய்யும்போது வெளியான கரிமத்துக்கு எல்லையில் கட்டணம் என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். 2023 அக்டோபரில் கணக்குக் கொடுப்பதோடு தொடங்கியது, 2026 ஜனவரி முதல் கட்டணம் விதிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. வாங்குபவர் இதுவரை பார்க்காத ஆற்றை, புகையை, முதன்முறையாக விலைக்குள் கொண்டுவரும் முயற்சி என்ற அளவில் நான் இதை வெறுக்கவில்லை. ஆனால் தில்லிக்குப் பக்கத்திலுள்ள ரோஹ்தக்கில் நட்டும் போல்ட்டும் செய்யும் சிறு தொழிலதிபரை எண்ணிப் பார்க்கிறேன். ஒரு போல்ட்டுக்குள் எத்தனை கிலோ கரிமம் இருக்கிறது என்று ஐரோப்பிய முறையில் கணக்கெழுதிக் கொடுக்க அவரிடம் ஆள் இல்லை. உருக்கு வந்த ஆலையின் உலையை மாற்ற அவருக்கு அதிகாரமும் இல்லை. கட்டணமாக வசூலாகும் பணம் அந்த உலையை மாற்றத் திரும்பி வரப்போவதும் இல்லை, அது ஐரோப்பியக் கருவூலத்துக்குப் போகிறது. மாண்ட்ரியலில் இருந்த மூன்றில் இங்கே தடை மட்டும் இருக்கிறது.

2024 மார்ச் 10 அன்று சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நான்கோடும் தில்லியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், 15 ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீட்டைக் கொண்டுவர முயல்வதாக அவை உறுதி கூறியுள்ளன. வணிகமும் வளங்குன்றா வளர்ச்சியும் பற்றித் தனி அத்தியாயம் ஒன்றும் அதில் உண்டு. தொழிலாளர், சுற்றுச்சூழல் விஷயங்களை வணிக ஒப்பந்தத்தில் சேர்க்கவே கூடாது என்று பல்லாண்டுகள் நின்ற தில்லி, அந்தப் பிடிவாதத்தைத் தளர்த்தியது நல்லதென்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அத்தியாயத்தை மீறினால் வழக்காட வழி வைக்கவில்லை. 2025 அக்டோபர் முதல் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது.

உள்ளூர்ச் சட்டத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைத் திருப்பூரிலும் பார்க்கலாம். பனியன் ஏற்றுமதி செய்யும் அந்த ஊரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டு அவை திரும்பத் திறந்தன. நொய்யல் ஆற்றுக்காகச் செலவழிக்கிறோம் என்று சொல்லிப் பனியனின் விலையைக் கூட்டிக் கேட்டால், வெளிநாட்டு நிறுவனம் அதைவிட மலிவாகத் தருபவரைத் தேடிப் போய்விடும் என்பது அந்த ஊரின் நிரந்தர அச்சம்.

பாலாற்று வழக்கும் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை மறுபடி எடுத்துப் பேசியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்தால் மட்டும் போதாது, ஆற்றை மீட்டெடுக்கும் செலவையும் மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. அதைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. 1991இல் மனு கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆம்பூரில் கல்லூரி முடித்துவிட்டு, ஐரோப்பியக் காலணிகளுக்கு மேல்தோல் தைக்கும் அதே ஆலைகளில் வேலை பார்க்கும் வயதில் இருப்பார்கள். அந்தக் காலணிகளின் பெட்டியில் தோல் எந்த நாட்டில் பதனிடப்பட்டது என்று எழுதுவதுகூடக் கட்டாயமில்லை.